சுவரை இடிக்கும் முன் படியெடுங்கள்

"இரண்டு மெகாபைட்டா, நான்கு மெகாபைட்டா?" கணிப்பொறித் துறையில் சில ஆண்டுகளாக இப்படி ஒரு வாதம் நடந்து வருகிறது. கேட்பதற்குச் சந்தையில் நடக்கும் பேரம் போல இருக்கிறது. பிழைப்புக்காகத் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து குடியேறிய நம் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்பதே என் கருத்து. நம் சங்கத்தின் பழைய மலர்களை, நம் பெரியவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனவற்றை, இன்னும் எத்தனை காலம் நாம் திறந்து படிக்க முடியும் என்பது இந்த வாதத்தோடு பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் இதை இந்த இதழில் எழுதத் துணிந்தேன்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மெய்நிகர்க் கணிப்பொறி என்பது கணிப்பொறிக்குள் இருக்கும் இன்னொரு கணிப்பொறி. அது தனிப் பெட்டி அல்ல, ஒரு மென்பொருள்தான். ஆனால் அது ஒரு முழுக் கணிப்பொறியைப் போலவே வேடம் கட்டி நிற்கும். அதற்குள் பழைய விண்டோஸ் 98ஐ ஏற்றினால், தான் 1990களின் பெட்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். இந்த யோசனை புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972லேயே தன் பெரிய கணிப்பொறிகளுக்காக வி.எம்./370 என்ற அமைப்பை வெளியிட்டது. 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் அதை மேசைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. 2003இல் ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் க்யூ-எமு என்ற மென்பொருளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். இன்று உலகின் எத்தனையோ கணிப்பொறி மையங்களில் அது உழைத்துக்கொண்டிருக்கிறது.

எந்தக் கணிப்பொறியாக இருந்தாலும், மின்சாரம் வந்தவுடன் விண்டோஸோ லினக்ஸோ தானாக எழுந்துவிடாது. அதற்கு முன்னால் ஒரு சிறு நிரல் விழித்துக்கொள்ளும். நினைவகம் சரியாக இருக்கிறதா, திரை எங்கே, வட்டு எங்கே என்று பார்த்துவிட்டு, பிறகுதான் மற்றவர்களை எழுப்பும். விடியற்காலையில் முதலில் எழுந்து வாசல் தெளித்து, அடுப்பைப் பற்றவைத்து, பிறகு வீட்டையே எழுப்பும் பாட்டியின் வேலை அது. இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். தமிழில் நிலைப்பொருள் என்று எழுதுவோரும் உண்டு. பழைய கணிப்பொறிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். இப்போதைய கணிப்பொறிகளில் யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய வகை வந்துவிட்டது. மெய்நிகர்க் கணிப்பொறிக்கும் இப்படி ஒரு பாட்டி வேண்டும். அவள் எழாவிட்டால் உள்ளே இருக்கும் எதுவும் எழாது.

இந்த நிரலின் அளவு வளர்ந்த கதையைப் பாருங்கள். 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யில் பயாஸ் 8 கிலோபைட். க்யூ-எமுவில் பல காலம் 128 கிலோபைட்டாக இருந்தது, 2014இல் வந்த 2.0 பதிப்பில் 256 ஆயிற்று. யூ.ஈ.எஃப்.ஐ. வகையில் 2 மெகாபைட். 2017இல் 4 மெகாபைட் வடிவம் சேர்க்கப்பட்டது. முதல் பி.சி.யோடு ஒப்பிட்டால் 512 மடங்கு.

ஏன் இப்படி வளர்ந்தது? வேலை கூடியதுதான் காரணம். இன்றைய ஃபர்ம்வேர் வட்டையும் திரையையும் பார்ப்பதோடு நிற்பதில்லை. எழுப்பப்போகும் மென்பொருள் நம்பத்தக்க கையெழுத்தோடு வந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறது. எந்தக் கையெழுத்தை ஏற்பது, எதை ஒதுக்குவது என்ற பட்டியல்களைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. 2 மெகாபைட் வடிவத்தில் இத்தகைய குறிப்புகளுக்கு ஒதுக்கிய இடம் 128 கிலோபைட். அது போதாமற்போனதால் 4 மெகாபைட் வடிவத்தில் 528 கிலோபைட் ஒதுக்கினார்கள். சிறிய பெட்டியில் பிறந்த மெய்நிகர்க் கணிப்பொறியின் குறிப்பேட்டை எடுத்துப் பெரிய பெட்டியில் அப்படியே வைக்க முடியாது, பொருந்தாது. பிறகு சில லினக்ஸ் வெளியீடுகள் 2 மெகாபைட் வடிவத்தை வழங்குவதையே நிறுத்திவிட்டன. பழையதை வைத்திருந்தவர்கள் புதிய பெட்டிக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. இரண்டா நான்கா என்ற வாதத்தின் வேர் இதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெய்நிகர்க் கணிப்பொறியை முழுவதும் அணைக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே உறங்கவைத்துச் சேமிக்கலாம். அப்படிச் சேமிக்கும்போது அதன் நினைவகம் முழுவதும், ஃபர்ம்வேர் இருந்த இடமும் சேர்த்து, பதிவாகிவிடும். பிறகு வேறொரு கணிப்பொறியில் எழுப்பும்போது அந்த இடத்தின் அளவு முன்பிருந்ததுபோல் இருக்கவேண்டும். 128 கிலோபைட் அறையில் உறங்கியதை 256 கிலோபைட் அறையில் எழுப்பப் பார்த்தால், அளவு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

க்யூ-எமு குழுவினர் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். ஒவ்வொரு பதிப்பின் கணிப்பொறி மாதிரிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 2014இல் புதிய மாதிரிகளுக்கு 256 கிலோபைட் வைத்தபோது, பழைய எண் கேட்டு வருபவர்களுக்குப் பழைய 128 கிலோபைட் பயாஸையே கொடுத்தார்கள். அவர்கள் இன்றும் வழக்கமாக வேடம் கட்டும் கணிப்பொறி எது தெரியுமா? இன்டெல் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 440எஃப்.எக்ஸ். என்ற சில்லைக் கொண்ட பலகை. அசல் பலகை எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்றோ! அதன் வேடம் மட்டும் இன்னும் மேடையில் நிற்கிறது. முன்னே வந்ததைப் பின்னே வருவது ஏற்றுக்கொண்டு நடப்பதைத்தான் பின்னோக்கிய இணக்கம் என்கிறார்கள். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், பழைய பேரைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது.

அப்படியானால் பழையதை எல்லாம் என்றென்றும் சுமக்கவேண்டும் என்று நான் வாதிடப் போவதாக அன்பர்கள் நினைக்கவேண்டாம். சுமப்பதற்கும் விலை உண்டு. 2015ஆம் ஆண்டு மே மாதம் வெனம் என்று பெயரிடப்பட்ட ஓர் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. மெய்நிகர்க் கணிப்பொறிக்குள் இருப்பவர் வேலி தாண்டி வெளியே வர வழிவிடக்கூடிய ஓட்டை அது. எங்கே இருந்தது என்றால், ஃப்ளாப்பி இயக்கியைப் போல வேடம் கட்டும் பகுதியில்! ஃப்ளாப்பியை யாரும் சீந்தாத காலத்திலும் அந்த நிரல் 2004 முதல் உள்ளேயே கிடந்தது. க்யூ-எமுவின் அந்தப் பகுதியை எடுத்து ஆண்ட மற்ற மென்பொருள்களிலும் அது இருந்தது. பயன்படாத அறையைப் பூட்டாமல் விட்டால் திருடன் நுழைவது அந்த வழியாகத்தான். ஆகவே மென்பொருள் செய்பவர்கள் பழையதைக் கழிக்க நினைப்பதில் நியாயம் இருக்கிறது. 2024இல் க்யூ-எமு குழுவினர் ஒரு விதியே வகுத்தார்கள். எண் கொண்ட ஒரு மாதிரி 3 ஆண்டுகளுக்குப் பிறகு விடைபெறும் பட்டியலில் சேரும், 6 ஆண்டுகளுக்குப் பிறகு நீக்கப்படும்.

என் கருத்து இதுதான். பழையதை நீக்குவது குற்றமல்ல. படியெடுக்க அவகாசம் தராமல் நீக்குவது குற்றம். அவகாசம் தந்த பிறகும் படியெடுக்காமல் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய குற்றம். முதற்பாதி மென்பொருள் செய்பவர்களுக்கு. இரண்டாம் பாதி நமக்கு.

இதை நான் எந்தக் கணிப்பொறிப் புத்தகத்திலும் கற்கவில்லை. நம் தலைக்கு மேலே நிற்கும் திருமலையே கற்றுத் தருகிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. தேவஸ்தானம் 1930களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் போன்ற அறிஞர்களைக் கொண்டு அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. 13ஆம் நூற்றாண்டில், யாதவராயர்கள் ஆண்ட காலத்தில், திருப்புல்லாணி தாசர் என்பவர் திருமலைக் கோயிலைப் புதுப்பித்தார். சுவரைப் புதுப்பித்தால் அதில் வெட்டியிருந்த எழுத்து என்ன ஆகும்? பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டிவைத்தார்கள்.

இதற்கும் முன்னோடி நம் சோழ நாட்டில் இருக்கிறது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, அதில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய கல்லில் மறுபடி வெட்டப்பட்டன. நடுவில் பல ஆண்டுகள் அந்த எழுத்துகள் ஓலையில் காத்திருந்தன. நிலம் விட்டவர் பெயரும் விளக்கு வைத்தவர் பெயரும் தொலையவில்லை. சுவரை இடிக்காதே என்று யாரும் அழவில்லை. இடிக்கும் முன் படியெடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் நம் ஊரிலேயே இருக்கிறது. அன்னமாச்சாரியார் 15ஆம் நூற்றாண்டில் வேங்கடவன் மீது பாடிய கீர்த்தனைகள் 32,000 என்று சொல்வார்கள். செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் சிறிய அறை ஒன்றில் நூற்றாண்டுக் கணக்கில் அடைபட்டுக் கிடந்த அவை 1920களில்தான் வெளியுலகின் பார்வைக்கு வந்தன. ஏறத்தாழ 12,000 முதல் 14,000 வரையிலான பாடல்களே இன்று நம்மிடம் உள்ளன. செப்பேட்டில் சொல் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் எந்த மெட்டில் பாடினார் என்பது இல்லை. மெட்டு வாயோடு வாயாக வந்துகொண்டிருந்தது. பாடுவார் தொடர்ச்சி அறுந்தபோது அதுவும் போயிற்று. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற மேதைகள் புதிதாக மெட்டமைத்துக் கொடுத்ததால்தான் இன்று நாம் அவற்றைக் கேட்கிறோம். செம்பு அழியவில்லை, எழுத்து அழியவில்லை. படித்துப் பாடும் வழி மட்டும் அழிந்தது. கணிப்பொறிக் கோப்புக்கும் இதுவே நடக்கும். கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும், திறக்கும் மென்பொருள் இருக்காது.

மேலைநாட்டாரும் இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டே கற்றார்கள். இங்கிலாந்தில் 1086இல் எழுதிய டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கேடு இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பி.பி.சி. நிறுவனம் மக்கள் வாழ்க்கையை லேசர் தட்டுகளில் பதிவு செய்து வெளியிட்டது. 15 ஆண்டுகள் கழிவதற்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவி அருகிப் போய்விட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2002 வாக்கில் பழைய கணிப்பொறியைப் போலவே வேடம் கட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்துதான் அதைத் திறந்து காட்டினார்கள். தோல் ஏடு 900 ஆண்டு நின்றது, லேசர் தட்டு 15 ஆண்டில் தடுமாறியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1990களில் தமிழ்ச் சங்க மலர்கள் எப்படி உருவாயின என்பது மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, ஏதாவது ஒரு நிறுவனத்தின் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து, ஃப்ளாப்பியில் போட்டு அச்சகத்துக்குக் கொடுத்தோம். அந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதன் வாரிசாக வந்த இன்டிசைனின் இப்போதைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை.

எழுத்துருவின் கதை இன்னும் சோகம். அந்நாளில் கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவத்தை வரைந்து ஒட்டினார்கள். 'அ'வை எந்த இடத்தில் ஒட்டுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள்தாம் தெரியும். அம்மாவைக் காணோம்! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இணையத் தமிழன்பர்கள் கூடித் திஸ்கி என்ற குறியீட்டை வகுத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியீட்டையும் ஏற்றது. யூனிகோடில் 'அ'வின் எண் 2949. எந்த நாட்டில், எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும் அதே எண்தான். 1996 முதல், ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்று யூனிகோடு அமைப்பு உறுதி கொண்டு அதைக் காத்தும் வருகிறது. பின்னோக்கிய இணக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சங்கத்தின் பழைய மலர்க் கோப்புகளைத் திறந்து பார்க்கும் பணி என்னிடம் வந்தபோது இவை எல்லாம் ஒன்றாக எதிரே வந்து நின்றன. ஃப்ளாப்பிகளில் சில படித்தன, சில படிக்கவில்லை. படித்தவற்றை விண்டோஸ் 98 ஏற்றிய மெய்நிகர்க் கணிப்பொறி ஒன்றுக்குள் வைத்து, பழைய எழுத்துருவையும் பேஜ்மேக்கரையும் நிறுவித் திறந்தேன். ஒரு மலரில், வேலூர்ப் பக்கத்திலிருந்து பூ வியாபாரத்துக்காகத் திருப்பதிக்கு வந்த குடும்பத்தின் கதையை அந்தக் குடும்பப் பெரியவரே எழுதியிருந்தார். அவர் இன்று இல்லை. அச்சிட்ட பிரதியும் அவர்கள் வீட்டில் இல்லை, சங்க அலுவலகத்தில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் தாத்தாவின் சொற்கள் அந்த ஒரு கோப்பில்தான் இருக்கின்றன. அதைத் திறக்க ஒரு பழைய பயாஸ், ஒரு பழைய விண்டோஸ், ஒரு பழைய எழுத்துரு மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் தாத்தா பேசமாட்டார்.

எல்லாக் கோப்பும் இப்படித் திறந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. அந்நாளில் இந்திய மொழி மென்பொருள்கள் பலவும் கணிப்பொறியின் பின்புறம் செருகும் ஒரு பூட்டோடு வந்தன. அந்தப் பூட்டு இருந்தால்தான் மென்பொருள் வேலை செய்யும். புதிய கணிப்பொறிகளில் அதைச் செருகும் துளையே இல்லை. மெய்நிகர்க் கணிப்பொறி பலகையைப் போல வேடம் கட்டும், பயாஸைப் போல வேடம் கட்டும், தொலைந்துபோன பூட்டைப் போல வேடம் கட்டாது. ஆகவே பூட்டு வைத்திருப்பவர்கள் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதைச் செருகும் பழைய பெட்டி ஓடும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யவேண்டியது என்ன? என் அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஃப்ளாப்பி, குறுந்தகடு, பழைய வட்டு எது இருந்தாலும் அதன் முழுப் பிரதியை இப்போதே எடுத்துவிடுங்கள். காந்தப் பூச்சு யாருக்காகவும் காத்திருக்காது.

இரண்டாவது, மெய்நிகர்க் கணிப்பொறியை வேறு இடத்துக்கு மாற்றும் முன் உறங்க வைக்காதீர்கள். ஒழுங்காக அணைத்துவிட்டு மாற்றுங்கள். அணைத்ததைப் புதிய வீட்டில் எழுப்புவது எளிது, உறங்கியதை எழுப்புவதில்தான் அளவுத் தகராறு வரும்.

மூன்றாவது, வட்டுக் கோப்போடு ஃபர்ம்வேர் கோப்பையும், குறிப்புகளைச் சேமிக்கும் கோப்பு இருந்தால் அதையும், மாதிரியின் எண்ணையும், மென்பொருளின் பதிப்பு எண்ணையும் ஒரே உறையில் வையுங்கள். ஃபர்ம்வேர் பெரிதாகிவிட்டது என்று எவ்வளவு சொன்னாலும் அது 4 மெகாபைட்தான். திருமண வீட்டில் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே பல சமயம் அந்த அளவு இருக்கிறது. இடம் இல்லை என்று சொல்ல நமக்கு நியாயம் இல்லை.

நான்காவது, பழைய விண்டோஸ் ஓடும் மெய்நிகர்க் கணிப்பொறியை இணையத்தோடு இணைக்கவேண்டாம். ஓட்டைகளை அடைப்பார் இல்லாத வீடு அது.

ஐந்தாவதுதான் முக்கியம். திறந்த கையோடு உரையை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் பழைய எழுத்துருக்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வரும். இங்கே தவறு நேரும். தமிழ் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி பார்த்தே ஆகவேண்டும். மாற்றியதை எளிய உரைக் கோப்பாக ஒன்று, பி.டி.எஃப். ஆக ஒன்று, தாளில் ஒன்று என்று மூன்று விதமாக வைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர்க் கணிப்பொறி நாம் ஆற்றைக் கடக்க உதவும் பரிசல். கரை சேர்ந்த பிறகு பரிசலிலேயே குடியிருக்கக் கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு, அச்சுப் பிரதியை ஒளிநகல் எடுத்து வைத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அச்சுப் பிரதி இருக்கும் மலருக்கு அதுவே போதும், முதலில் அதைச் செய்யுங்கள். இல்லாத மலருக்கு என்ன செய்வது? மேலும், படமாக வைத்ததில் ஒரு சொல்லைத் தேட முடியாது, எடுத்து மறுபடி அச்சுக் கோக்க முடியாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது தமிழ் நூல்களைப் படமாக வைக்காமல் எழுத்தாகவே தட்டச்சு செய்து வைத்தார்கள். அதனால்தான் திஸ்கியில் ஏற்றியதைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது. சுவர் மாறியபோது அவர்களும் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டினார்கள்.

பழைய பேரைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது என்று முன்னே சொன்னேன். சித்தூர்க்காரர்களுக்கு இது அன்றாட அனுபவம். 1911 வரை சித்தூர், வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகர். அந்த ஆண்டு சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தாத்தாவின் பத்திரத்தில் வட ஆர்க்காடு, அப்பாவின் சான்றிதழில் சித்தூர், பிள்ளையின் முகவரியில் திருப்பதி. ஜில்லாவின் பெயர் மாறிவிட்டது என்பதற்காகப் பழைய பத்திரத்தை யாரும் குப்பையில் போடவில்லை. பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையே பாலம் போட ஆவணமும், விவரம் அறிந்த ஆட்களும் இருப்பதால் காரியம் நடக்கிறது. அந்தப் பாலத்தைத்தான் மென்பொருள் செய்பவர்களிடமும் கேட்கிறோம். நிரந்தரச் சுமையை அவர்கள் தலையில் ஏற்றவேண்டாம். நீக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லுங்கள், பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குக் குறிப்புகளை மாற்றித் தரும் கருவியைக் கொடுங்கள், கடைசிப் பழைய பிரதியை யாரும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வையுங்கள் என்பதே நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. யூனிகோடுக்கு மாற்றி, மூன்று பிரதி எடுத்து, எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு கருவி குறைந்தால் கோப்பு திறக்காது. அந்தக் கருவி நம் பிள்ளைகளின் கண். இங்கே நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், நன்றாகப் படிக்கட்டும். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எழுத்து மட்டும் தெரிவதில்லை. அவர்களுக்குத் தாத்தாவின் கட்டுரை யூனிகோடில் இருந்தாலும் ஒன்றுதான், பாமினியில் இருந்தாலும் ஒன்றுதான். செப்பேட்டில் சொல் இருந்து மெட்டு போன கதை நம் வீட்டிலும் நடக்கவேண்டுமா? வாரத்தில் ஒரு மணி நேரம் போதும், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுவிடுவார்கள்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் மலர் வருவதற்குள் நம்மிடம் உள்ள பழைய மலர்க் கோப்புகள் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவோம். பழைய ஃப்ளாப்பி, குறுந்தகடு, எழுத்துருத் தட்டு, பின்னால் செருகும் பூட்டு எது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தாலும் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். மாற்றிய உரையைப் பிழைதிருத்த மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாகச் சேர்ந்து அமரட்டும். மூத்தவர் படிக்கட்டும், இளையவர் திரையில் திருத்தட்டும். நாலைந்து மலர் முடிவதற்குள் அந்த இளையவருக்குத் தமிழ் எழுத்து தானாக வந்துவிடும். புதிய சுவர் ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருக்கிறது. பழைய சுவர் விழும் முன் அதில் உள்ளதைப் படியெடுத்துக்கொள்வோம்.